“வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்” என்றால் யார்?

கேள்வி: எங்கள் கொல்லையில் இந்த வசந்தத்தில் மேட்டுப்பாத்தி அமைத்துக் காய்கறி போட ஆசை. 8 அடி நீளம், 5 அடி அகலம், 1 அடி உயரத்தில் மூன்று பாத்திகள். கொல்லையின் கடைக்கோடியில் நாள் முழுக்க வெயில் விழுகிறது, அங்கேதான் வைக்கப்போகிறேன். பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, பயன்படுத்தலாமா? மண்ணும் உரமும் எந்த அளவில் கலக்க வேண்டும்? தரை இன்னும் சொதசொதவென்று இருக்கிறது, எப்போது தொடங்கலாம்? தக்காளி, மிளகாய், வெள்ளரி, கேரட், பாலக்கீரை, பட்டாணி போட எண்ணம். நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். வார நாட்களில் நான் திரும்ப இரவு 8 மணிக்கு மேல் ஆகும். ஆனால் சனி, ஞாயிறு முழுக்கத் தோட்டத்துக்கு ஒதுக்கத் தயார். தண்ணீர் ஊற்றுவதை வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். 9 வயது மகனும் 5 வயது மகளும் மருந்தடிக்காத காய் சாப்பிட வேண்டும், அதுதான் என் நோக்கம். – வாசகர் ஒருவர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் கட்டைக்குப் பெயர் இருக்கிறது. பாத்திக்கு நீளம், அகலம், உயரம் இருக்கிறது. ஆறு பயிரின் பெயரும் வரிசையாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றப்போகிறவருக்கு மட்டும் பெயர் இல்லை. “வீட்டில்” என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

இந்த வார்த்தையை எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். நாய் வாங்கலாமா என்று கேட்பவர் எழுதுவார், வாசலில் ரோஜா வைக்கலாமா என்று கேட்பவர் எழுதுவார், அப்பா அம்மாவை அழைத்து வந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவரும் எழுதுவார். ஆசைப்படுவது ஒருவர், அன்றாடம் அதைச் சுமப்பது “வீட்டில்”. அங்கே இருப்பது ஒரு மனுஷி. அவரும் வேலைக்குப் போகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் “அவளும் சரி என்றாள்” என்று ஒரு வார்த்தையாவது வந்திருக்கும். வரவில்லை. கேட்கவில்லை என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

அவர் தலையில் நீங்கள் வைத்திருப்பது எவ்வளவு என்று முதலில் கணக்குப் போடுவோம். காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்குச் சுமார் 1 அங்குல மழைக்குச் சமமான தண்ணீர் வேண்டும். 8 அடிக்கு 4 அடி பாத்தி ஒன்றுக்கு அது ஏறக்குறைய 75 லிட்டர். (அகலத்தை 4 ஆக ஏன் குறைத்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.) மூன்று பாத்திக்கு 225 லிட்டர். 10 லிட்டர் பூவாளியில் சுமந்தால் வாரத்துக்கு 22, 23 நடை. ஒவ்வொரு நடைக்கும் 10 கிலோவுக்குக் குறையாத சுமை. வெயில் கொளுத்தும் வாரங்களில் இது இன்னும் கூடும். குழாய் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்திருக்கிறீர்கள், ஆனால் குழாயிலிருந்து அந்தக் கடைக்கோடி எத்தனை அடி என்று பார்க்கவில்லை. வாளியைத் தூக்கப்போவது நீங்களாக இருந்தால் முதலில் அதைத்தான் அளந்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்கவில்லை. மேட்டுப்பாத்தியில் தண்ணீர் தேங்காது, தரையைவிடச் சீக்கிரம் மண் சூடாகும். அதனால்தான் வசந்தத்தில் எல்லோருக்கும் அது பிடிக்கிறது. ஆனால் தரைக்கு மேலே தூக்கி வைத்த மண்ணில் நாலு பக்கமும் வெயிலும் காற்றும் படுகிறது. கோடையில் அது தரையைவிடச் சீக்கிரம் காய்ந்துபோகும். பலகை அறுப்பது, மண் கொட்டுவது, விதை ஊன்றுவது எல்லாம் வசந்தத்து வேலை. இரண்டு மூன்று வாரக் கடைசியில் முடிந்துவிடும், பார்ப்பவர்களும் பாராட்டுவார்கள். அப்போது மழையும் அவ்வப்போது கைகொடுக்கும். செடி வளர்ந்து, காய் பிடித்து, வெயில் ஏறும்போதுதான் உண்மையான உழைப்பு ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் செவ்வாய்க்கிழமை நீங்கள் எங்கே இருப்பீர்கள்? வியாழக்கிழமை எங்கே இருப்பீர்கள்?

கேரட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். விதை முளைக்க 2 முதல் 3 வாரம் ஆகும். அதுவரை மேல்மண் ஒரு நாள்கூடக் காயக் கூடாது. சனி, ஞாயிறு மட்டும் ஊற்றினால் கேரட் முளைக்காது. அப்படியென்றால் விதை போடுவதற்கு முன்பே கேரட்டை அவர் வேலையாக ஆக்கிவிட்டீர்கள். அப்புறம் தக்காளி. மண் ஒரு நாள் காய்வதும் மறுநாள் ஊறுவதுமாக இருந்தால் செடி எடுக்கும் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது, அடிப்பாகம் கறுத்து அழுகும். வெள்ளரிக்குத் தண்ணீர் குறைந்தால் காய் கசக்கும். ஒரு சனிக்கிழமை காலை நீங்கள் கொல்லைக்குப் போவீர்கள், கறுத்த தக்காளியைக் கையில் எடுப்பீர்கள், உள்ளே வந்து “ஒழுங்காத் தண்ணி ஊத்தலையா?” என்று கேட்பீர்கள். கேட்க மாட்டேன் என்று சொல்லாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு வந்த கடிதங்களையும் நான் படித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் மனைவிமார்கள்.

என் அப்பா தோட்டம் போட்டவர். பார்க்க வந்தவர்கள் எல்லாம் “உங்கள் தோட்டம்” என்று அவரிடம்தான் சொல்வார்கள். கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது அம்மா. அப்பா காலமான வருஷம் அம்மா ஒரு விதைகூட ஊன்றவில்லை. “போதும்” என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அந்தத் தோட்டம் பிடித்திருந்ததா என்று அதுவரை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

குழந்தைகளுக்காக என்கிறீர்கள். நல்லது. உங்கள் மகனுக்கு 9 வயது, எல்லாம் புரிகிற வயது. அப்பா தாளில் படம் போடுவதையும் அம்மா வாளி தூக்குவதையும் பார்த்து வளர்ந்தால், நாளைக்கு அவனும் “வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்” என்றுதான் எழுதுவான். மருந்தில்லாத தக்காளி சாப்பிடுவதைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாத்தி யாருடைய ஆசையோ அவர் கையில்தான் பூவாளியும் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதனால் இந்த வருஷம் உங்களுக்கு ஒரு பாத்தி போதும். கடைக்கோடியில் வேண்டாம். நாள் முழுக்க வெயில் தேவையில்லை, 6 முதல் 8 மணி நேரம் விழுந்தால் காய்கறிக்குப் போதும். அந்த அளவு வெயில் விழும் இடங்களில் குழாய்க்குப் பக்கமாக இருப்பதைப் பிடியுங்கள். 75 லிட்டரை வாரத்தில் மூன்று நாளாகப் பிரித்தால் ஒரு தடவைக்கு 25 லிட்டர், இரண்டரைப் பூவாளி. நீங்கள் வேலைக்குக் கிளம்புமுன் கால் மணி நேரத்தில் முடிகிற காரியம். காலையில் ஊற்றுவது செடிக்கும் நல்லது, நனைந்த இலை பகலில் காய்ந்துவிடும், நோய் குறையும். விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், உள்ளே காய்ந்திருந்தால் அன்றைக்கும் ஊற்றுங்கள். விதை முளைக்கும் வரையிலும் நாற்று வேர் பிடிக்கும் வரையிலும் தினமும் மேல்மண்ணை நனைக்க வேண்டியிருக்கும். மண் நன்றாகச் சூடேறிய பிறகு வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பி மூடாக்குப் போட்டால் ஈரம் தங்கும். டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாய் போடுவதும் சரிதான். ஆனால் துளை அடைத்திருக்கிறதா, இணைப்பு கழன்றிருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளும் நீங்கள்தான். மகனுக்கு ஒரு ஓரத்தில் முள்ளங்கி போட்டுக் கொடுங்கள், நாலு வாரத்தில் பிடுங்கலாம். கேரட்டை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில் கட்டை வேண்டவே வேண்டாம். அது உளுத்துப்போகாமல் இருக்கக் கிரியோசோட் என்ற தார் எண்ணெயை ஏற்றியிருப்பார்கள். சாப்பிடும் பயிருக்குப் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது, இலவசமாகக் கிடைத்தாலும் சரி. எதுவும் பூசாத கெட்டியான பலகை போதும். அகலம் 4 அடிக்கு மேல் போகாதீர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் கை 2 அடிதான் எட்டும். நடுவில் எட்டாவிட்டால் பாத்திக்குள் காலை வைப்பீர்கள், மண் இறுகும், மேட்டுப்பாத்தி போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். உயரம் 1 அடி போதும், அடியில் இருக்கும் தரையையும் கிளறிவிடுங்கள். அந்த அளவுப் பாத்தி நிரம்ப சுமார் 900 லிட்டர் மண் பிடிக்கும். நல்ல மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய உரம் ஒரு பங்கு. பச்சைச் சாணம் போடாதீர்கள். மண் அமுங்கி இறங்கும் என்பதால் விளிம்பு வரை நிரப்புங்கள்.

பட்டாணியும் பாலக்கீரையும் குளிரைத் தாங்கும். உங்கள் பக்கத்தில் உறைபனி விழும் என்றால், கடைசி உறைபனிக்கு நாலு வாரம் முன்பே இவற்றை விதைக்கலாம். தக்காளிக்கும் மிளகாய்க்கும் அந்த அவசரம் ஆகாது. உறைபனி முழுவதும் விலகி, மண்ணின் சூடு 15 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தக்காளியை நடுங்கள். மிளகாயும் வெள்ளரியும் அதற்குப் பிறகு. வீட்டுக்குள் வளர்த்த நாற்றாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் தினமும் கொஞ்ச நேரம் வெளியே வைத்துப் பழக்கிவிட்டு நடுங்கள்.

தரை சொதசொதவென்று இருக்கும்போது மண்வெட்டி போடாதீர்கள், கட்டி கட்டியாக இறுகிவிடும். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து, விரலால் தட்டிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் பொறுங்கள், உதிர்ந்தால் தொடங்குங்கள். உங்கள் தரை உதிர இன்னும் சில நாளாவது ஆகும். அதற்குள் ஒரு ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு, திட்டத் தாளைக் கையில் எடுக்காமல் அவரிடம் போய்க் கேளுங்கள். தோட்டம் வேண்டுமா, அதில் எது பிடிக்கும், எது முடியாது என்று கேளுங்கள். அவர் ஆசையாக ஒரு செடியின் பெயரைச் சொன்னால் உங்கள் ஆறில் ஒன்றை எடுத்துவிட்டு அதை வையுங்கள். “எனக்கு இதில் எந்த வேலையும் வேண்டாம்” என்று சொன்னால், முகத்தைத் தூக்காமல் சரி என்று சொல்லிவிட்டு ஒரு பாத்திக்குப் பலகையும் ஒரு பூவாளியும் வாங்கி வாருங்கள்.