பூனையின் மூக்கும் அதன் விநோதங்களும்: வாசகர் கேள்வி–பதில்

வீட்டுப் பூனைகளின் விநோதப் பழக்கங்களைப் பற்றிக் கேட்டு எழுதுமாறு சென்ற இதழில் வேண்டியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் பூனையின் மூக்கிலேயே வந்து நின்றதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நான் கழற்றிப் போட்ட காலுறையை என் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு, வாயைப் பாதி திறந்து, மேலுதட்டைச் சுருட்டி, சகிக்க முடியாத எதையோ கண்டதுபோல் அப்படியே உறைந்து நிற்கிறது. வீட்டில் அனைவரும் சிரிக்கிறார்கள். என் கால் அவ்வளவு நாறுகிறதா? — கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: உங்கள் கால் நாறுகிறதா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல இயலாது, ஆனால் பூனையின் முகத்தை அதற்குச் சாட்சியாக அழைக்க வேண்டாம். அது அருவருப்பின் முகமன்று, ஆராய்ச்சியின் முகம்.

எங்கள் வீட்டுப் பெண்பூனை, மழையில் நனைந்து காய்ந்துகொண்டிருந்த ஒரு தோல் செருப்பின் வாரிடம் இதையே செய்வதை அருகில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் நான்கைந்து முறை வேகமாக முகர்ந்தது. பிறகு தலையைச் சற்றே உயர்த்தியது. கீழ்த்தாடை தளர்ந்து தொங்க, மேலுதடு இருபுறமும் ஏறி, முன்பற்கள் தெரிய, பார்வை எதிரே இருந்த சுவரையும் தாண்டி எங்கோ போய்விட்டது. ஏழெட்டு நொடிகள் கழித்து மூக்கை ஒருமுறை நக்கிக்கொண்டு, மீண்டும் அதே வாருக்குத்தான் திரும்பியது. பிடிக்காத வாடையாக இருந்திருந்தால் திரும்பியிருக்குமா?

பூனைக்கு மூக்கைத் தவிர மணமறியும் உறுப்பு இன்னொன்றும் உண்டு. மேல்வரிசை முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில் ஒரு சிறு மேடு இருக்கும். பூனை கொட்டாவி விடும்போது கூர்ந்து பார்த்தால் தென்படும். அதன் இரு பக்கங்களிலும் உள்ள நுண்ணிய துளைகள், மூக்கின் அடித்தளத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு வழி விடுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விவரித்த டென்மார்க் நாட்டு மருத்துவர் லுட்விக் ஜேக்கப்சனின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. காற்றில் எளிதாகப் பறந்து வராத கனமான மூலக்கூறுகளை, குறிப்பாக மற்றொரு விலங்கின் சிறுநீரிலும் தோல் சுரப்பிகளிலும் உள்ள சேதிகளை, இந்த வழியாக உள்ளே இழுப்பதற்காகவே பூனை வாயைத் திறந்து உதட்டைச் சுருட்டுகிறது. எதிரில் சென்ற பூனை ஆணா பெண்ணா, இணைசேரும் பருவத்தில் இருக்கிறதா என்பன போன்ற விவரங்களை அது இப்படித்தான் அறிந்துகொள்கிறது. லைப்சிக் விலங்குக்காட்சிச் சாலையின் இயக்குநராக இருந்த கார்ல் மாக்ஸ் ஷ்னைடர் 1930இல் இச்செயலுக்கு 'ஃபிளேமன்' என்று பெயரிட்டார். சிங்கமும் புலியும் இதைச் செய்கின்றன. ஆட்டுக்கடாவும் காளையும் தலையை உயர்த்தி உதட்டைச் சுருட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முகம் புதிதன்று. வியர்வையும் தோலின் நெய்யும் ஊறிய காலுறை, பூனையைப் பொறுத்தவரை, உங்களைப் பற்றிய விரிவான கடிதம். அதை நிதானமாகப் படிக்க விடுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு யாராவது புதியவர் வந்தால் எங்கள் பூனை அவருடைய பையையும் காலணியையும் சுங்க அதிகாரியைப் போலச் சோதனையிடுகிறது. என்னையோ ஒரு முறை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. நான்தான் உணவிடுகிறேன்; என்மீது பாசமில்லையா? — இல்லத்தரசி ஒருவர்

பதில்: மனப்பாடமான பாடத்தை யாரும் மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, அம்மா. டோக்கியோ வேளாண் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 30 பூனைகளுக்கு முன்னால் அவற்றை வளர்ப்பவரின் மணம், அறிமுகமில்லாத ஒருவரின் மணம், எந்த மணமும் இல்லாதது என மூன்று குழாய்களை வைத்தார்கள். அக்குள், காதின் பின்புறம், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில் பஞ்சால் துடைத்து எடுத்த மணம் அது. பூனைகள் அந்நியரின் மணத்தை முகர்வதில்தான் அதிக நேரம் செலவிட்டன; அதுவும் முதலில் வலது நாசித்துளையால் முகர்ந்து, பழகப் பழக இடது துளைக்கு மாறின. ஆகவே, உங்களை ஒரே முகர்வில் முடித்துக்கொள்வது அலட்சியத்தின் அடையாளமன்று; நீங்கள் யாரென்பதில் அதற்கு எந்த ஐயமும் இல்லை என்பதே அதன் பொருள்.

அந்த ஒரு முகர்வும் சாதாரணமானதன்று. பூனையின் மூக்கறையைக் கணினியில் மாதிரியாக அமைத்துப் பார்த்த ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உள்ளே போகும் காற்று இரண்டாகப் பிரிவதை 2023இல் விளக்கினார்கள். ஒரு பங்கு தூய்மையும் ஈரமும் பெற்று நுரையீரலுக்குச் செல்ல, மற்றொரு பங்கு குறுக்குவழியில் விரைந்து பின்புறத்து மோப்பப் பகுதியை அடைந்து அங்குள்ள சுருண்ட பாதைகளில் பரவுகிறது. அத்தனை சிறிய தலைக்குள் அவ்வளவு நீண்ட மோப்பப் பாதையை மடித்து வைத்திருக்கும் நேர்த்தியை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

விருந்தினருக்கு ஒரு வேண்டுகோள்: குனிந்து தூக்க முயலாமல், ஒரு விரலைப் பூனையின் மூக்கு உயரத்தில் அசையாமல் நீட்டினால் போதும். பூனைகள் தங்களுக்குள் மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரிப்பதற்கு அந்த விரல்நுனி ஈடாகும்.

கேள்வி: பிறந்ததிலிருந்து ஒன்றாக வளர்ந்த இரண்டு பூனைகளில் ஒன்றைச் சிகிச்சைக்காகக் கொண்டுபோய் வந்தோம். வீட்டில் இருந்தது அதை முகர்ந்ததும் சீறிக்கொண்டு அடிக்கப் பாய்ந்தது. இப்படியும் ஒரு பகை வருமா? — ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: பகையன்று, ஐயா, ஆள்மாறாட்ட வழக்கு. ஒரே வீட்டுப் பூனைகள் ஒன்றையொன்று உரசியும் நக்கியும் ஒரு பொது மணத்தை உருவாக்கி வைத்திருக்கின்றன. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பூனை, கிருமிநாசினியும் பிற விலங்குகளின் வாடையும் தன்னுடைய அச்சத்தின் வாடையும் கலந்து வந்து நிற்கிறது. கண் 'நம் தோழன்' என்கிறது. மூக்கு 'அந்நியன்' என்கிறது. இரண்டும் முரண்படும்போது பூனை மூக்கின் பக்கம்தான் தீர்ப்பளிக்கும்.

இத்தகைய நேரத்தில் பலரும் செய்யும் பிழை, இரண்டையும் மடியில் தூக்கி வைத்துச் சமாதானம் பேசுவது. அதைச் செய்யாதீர்கள். திரும்பி வந்த பூனையை ஒரு தனியறையில் ஒருநாள் வரை விட்டுவைத்து, அது தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ள விடுங்கள். ஒரு மென்துணியால் வீட்டிலிருந்த பூனையின் கன்னத்தைத் தடவி, அதே துணியால் மற்றதன் முதுகையும் விலாவையும் வருடுங்கள். படுக்கைத் துணிகளையும் மாற்றிப் போடுங்கள். கதவிடுக்கில் இரண்டும் சீறாமல் முகர்ந்துகொண்ட பின்னரே திறந்துவிடுங்கள். அடுத்த முறை அழைத்துச் செல்லும்போது, இரண்டும் படுத்து எழுந்த துணியொன்றைக் கூண்டுக்குள் விரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: வீட்டைத் துடைத்துச் சுத்தம் செய்த நாளில் எங்கள் பூனை மேசைக்கால், கதவுநிலை, என் கணுக்கால் என ஒன்று விடாமல் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே வருகிறது. என்ன காரணம்? — அலுவலகப் பணியாளர் ஒருவர்

பதில்: நீங்கள் அழித்ததை அது திரும்ப எழுதுகிறது. கன்னம், மோவாய், நெற்றி, வாலடி ஆகிய இடங்களில் உள்ள சுரப்பிகளின் மணத்தைப் பூசி, இது தன் இடம் என்று தனக்கே உறுதிசெய்துகொள்கிறது. அதன் படுக்கை விரிப்புகள் அனைத்தையும் ஒரே நாளில் துவைக்காமல், பழைய மணம் உள்ள ஒன்றையேனும் விட்டுவைப்பது நல்லது. வாசனைக்காகத் தேயிலை மர எண்ணெய் போன்ற செறிந்த எண்ணெய்களைப் பயன்படுத்துவோர் கவனிக்க: அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. லில்லி மலர்களோ இன்னும் கொடியவை. முகரும்போது மூக்கிலும் முடியிலும் ஒட்டிய மகரந்தத்தை நக்கி விழுங்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

கேள்வி: உணவை முகர்ந்துவிட்டு, தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டி, ஏதோ கழிவை மூடுவதுபோல் பாவனை செய்துவிட்டுப் போகிறது. என் சமையலை இதைவிட யாரும் அவமதித்ததில்லை. — வாசகர் ஒருவர்

பதில்: மிஞ்சிய இரையை மண்ணாலும் சருகாலும் மூடி வைப்பது பூனைக் குடும்பத்தின் பழக்கம், பூமா அதைக் காட்டில் செய்கிறது, உங்கள் பூனை தரை ஓட்டின் மேல் செய்கிறது. 'இப்போது பசியில்லை' என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் முகர்ந்துவிட்டு உண்ணாமலே போவது தொடர்ந்தால் மூக்கைப் பாருங்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டதாக நினைத்ததாம் என்று நாம் கேலி பேசுகிறோம். உண்மையில் மூக்கு அடைத்தால்தான் அதற்கு உலகம் இருளும். சளி பிடித்த பூனை மணம் தெரியாததால் உணவைத் தொடாது. வெதுவெதுப்பாகச் சூடாக்கினால் மணம் எழும்பும். அப்போதும் உண்ணாவிட்டால் ஒருநாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, சில நாட்களிலேயே கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கேள்வி: பூனைகளை மயக்கும் என்று சொல்லப்படும் கேட்னிப் செடியின் இலையை ஆசையோடு வாங்கி வைத்தேன். என் பூனை முகர்ந்துவிட்டுச் சாதாரணமாகத் தூங்கப் போய்விட்டது. — மாணவி ஒருவர்

பதில்: ஏறத்தாழ மூன்றில் ஒரு பூனைக்கு அந்த இலை எதுவும் செய்வதில்லை; அந்த ஈர்ப்பு பரம்பரையாக வருவது. சில மாதமே ஆன குட்டியாக இருந்தால் வளரும்வரை பொறுத்திருங்கள். மயங்கி உருளும் பூனைகளை அப்படி ஆட்டுவிப்பது இலையிலுள்ள நெப்பெட்டலாக்டோன் என்னும் பொருள். இதையொத்த பொருளுள்ள வேறொரு செடியில் ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்து மசாவோ மியாசாகி குழுவினர் செய்த ஆய்வு 2021இல் வெளியானது: அந்த இலையில் முகத்தை உரசிய பூனைகளின்மேல் கொசுக்கள் குறைவாகவே அமர்ந்தன. கிறுக்குத்தனம் என்று நாம் நினைத்தது கொசுவிரட்டி பூசிக்கொள்ளும் வேலையாகவும் இருக்கிறது.

கேள்வி: விளையாடிய பின் என் பூனை நாயைப் போல வாயைத் திறந்து இளைக்கிறது. இதுவும் அந்த உதடு சுருட்டும் பழக்கம்தானா? — தனியார் நிறுவன ஊழியர் ஒருவர்

பதில்: இல்லை. மோப்பத்திற்காகத் திறக்கும் வாய், ஏதோ ஒன்றை முகர்ந்த மறுகணம் திறந்து, உடல் அசையாமல் சில நொடிகளில் மூடிக்கொள்ளும். விலா ஏறியிறங்க மூச்சு வாங்குவது அதிலிருந்து முற்றிலும் வேறு. கடும் விளையாட்டுக்குப் பின் சற்று இளைத்து உடனே அடங்கினாலும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓய்ந்திருக்கும்போதே அப்படி மூச்சு வாங்கினால், ஈறு வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தால், அந்த நிமிடமே கிளம்புங்கள். இதயமோ நுரையீரலோ பழுதுபட்டிருக்கலாம்.

கேள்வி: காலையில் என் மார்பின்மேல் ஏறி, வாலைத் தூக்கி, பின்புறத்தை நேராக என் முகத்துக்குக் காட்டி நிற்கிறது. இதற்கு என்ன விளக்கம் சொல்லப் போகிறீர்கள்? — பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: உயர்த்திய வால் நட்பின் வணக்கம். வாலடிச் சுரப்பிகளின் மணம், பூனைகளிடையே தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முகவரி அட்டை. அதை உங்களிடம் நீட்டுவது, உங்களுக்கும் படிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையால். நீங்கள் முகர வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. வால் தொடங்கும் இடத்தில் முதுகை இரண்டு முறை சொறிந்துவிட்டால், பார்த்தாயிற்று என்று எடுத்துக்கொண்டு அது இறங்கிப் போய்விடும்.