அவர் போனால் யார் பார்ப்பது?

கேள்வி: எங்கள் மென்பொருள் குழுவில் பேமென்ட் பகுதி ஒருவருக்கு மட்டுமே அத்துப்படி. இரண்டு மாதத்தில் அவர் விலகுகிறார். எல்லாவற்றையும் எழுதி வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. போகிற அவசரத்தில் எழுதும் ஆவணத்தில் 'எப்படி' இருக்கும், 'ஏன்' இருக்காது. இன்றிலிருந்து அவர் கோடு (நிரல்) எழுத வேண்டாம். அந்தப் பகுதியின் மாற்றங்களை வேறு இருவர் செய்யட்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும், ரிவ்யூ செய்யட்டும். வேகம் குறையும். அதை மேலிடத்தில் இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் டெட்லைனிலேயே வேலை அவர் கைக்குத் திரும்பிவிடும்.

குறிப்புகளை எழுத வேண்டியது கற்பவர்களே. டிப்ளாய் (புதிய பதிப்பை வெளியிடுவது), ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புவது), பணம் பிடிக்கப்பட்டும் ஆர்டர் பதிவாகாத நிலை, இந்த மூன்றும் முதலில்.

கடைசி இரண்டு வாரம் அவர் விடுப்பில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் எங்கே திணறுகிறார்களோ அதுதான் விடுபட்டது. பெரும்பாலும் அது கோடாக இருக்காது: அவர் பெயரில் ஓடும் கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), காலாவதியாகப்போகும் டிஜிட்டல் சான்றிதழ், வங்கித் தரப்பில் யாரை அழைப்பது என்பது.

அடுத்த 'ஒற்றை ஆள்' பகுதி எது? ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'கிட் ஷார்ட்லாக்' (யார் எத்தனை மாற்றம் செய்தார்கள் என்று காட்டும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள்; ஒரே பெயர் மிஞ்சும் இடம் தெரிந்துவிடும்.