நகல் கோப்ராவுக்கு 45,000 பவுண்டு கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வீட்டுக் கடன் மார்ச்சில் முடிகிறது. பென்ஷன் போக, கையிருப்பு 70,000 பவுண்டு. 1960-களின் ஏசி கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார் மேல் சிறுவயது முதலே ஆசை. ஒரிஜினல் நமக்கு எட்டாது. நல்ல ரெப்ளிகா ஒன்று 45,000-க்கு வருகிறது. "டூப்ளிகேட்டுக்கு இவ்வளவா? அந்தக் காசில் சின்னதாக ஓர் ஒரிஜினல் பழைய கார் வாங்கினால் விலையாவது ஏறும்" என்கிறார் நண்பர். எது சரி, ஐயா?

பதில்: இரண்டையுமே முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். நண்பர் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஒன்றை நினைக்கிறார் போலும். அது 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. பழையது என்பதற்காகவே விலை ஏறிவிடாது.

கோப்ரா கதை வேறு. சர்ரேயின் தேம்ஸ் டிட்டனில் ஏசி என்ற கார் கம்பெனி செய்த உடலில், அமெரிக்கரான கரோல் ஷெல்பி ஃபோர்டு வி8 எஞ்சினை ஏற்றினார். 1962 முதல் 1967 வரை மொத்தமே சுமார் ஆயிரம்தான். முதல் கோப்ரா 2016-ல் 1 கோடியே 37.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த விலை சேசிஸ் (அடிச்சட்ட) எண்ணுக்கும் ஆவணங்களுக்கும் கிடைப்பது. அதனால் ஒரிஜினல் வைத்திருப்பவர் மழையில் எடுக்கமாட்டார், சூப்பர் மார்க்கெட் வாசலில் நிறுத்தமாட்டார். கார் வாங்கி, அதற்கே காவல்காரராகிவிடுகிறார். ரெப்ளிகாக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஃபைபர் உடல் உடைந்தால் ஒட்டலாம், எஞ்சின் போனால் வேறு போடலாம், பிரேக்கை நவீனமாக்கினால் யாரும் கோபிக்கப்போவதில்லை. வசதி இருப்பவர்களிலும் சிலர் நகலைத் தேடுவது இதனால்தான். வாரக்கடைசியில் ஓட்டும் சுகத்துக்கான செலவு அது. செலவென்றே எழுதிவையுங்கள்.

பிரிட்டனில் சொந்தக் காரை லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நண்பர் இதைச் சொல்லி மயக்கினால், நஷ்டம் வந்தாலும் வரியில் கழிக்க முடியாது என்று சொல்லிவையுங்கள். 40 வயது தாண்டிய ஒரிஜினலுக்குச் சாலை வரி விலக்கு வாங்கலாம். 1965 மாதிரி தெரிகிறது என்பதற்காக உங்கள் நகலுக்கு அது வராது.

நான் பயப்படுவது பதிவுப் புத்தகத்தைப் பற்றித்தான். வி5சி எனப்படும் அந்தப் புத்தகத்தில் என்ன வண்டி, எந்த ஆண்டு என்று எழுதியிருக்கிறது? புதுச் சேசிஸில் கட்டிய கார் ஐ.வி.ஏ. என்ற தனி வாகனத் தகுதிச் சோதனை தேறி, வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ. தந்த எண்ணில் ஓட வேண்டும். பாகம் கழற்றிய ஏதோ பழைய காரின் அடையாளத்தையே சுமந்துகொண்டு திரிந்தால், 10,000 குறைத்துத் தந்தாலும் வேண்டாம். நாளைக்கு விற்கும்போதும் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் அது உங்கள் தலையில் விடியும். இன்ஷூரன்ஸை, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசியாக எடுங்கள். இல்லையென்றால் விபத்துக்குப் பிறகு அவர்கள் சொல்வதுதான் விலை.

45,000 போனால் மிச்சம் 25,000. ஓய்வுக்கு முன் அது போதுமென்று எனக்குப் படவில்லை. மார்ச்சுக்குப் பிறகு வீட்டுத் தவணைப் பணத்தை ஓராண்டு சேர்த்துவிட்டு வாங்குங்கள். கடன் வேண்டாம். அதற்குள் நாலைந்து வண்டிகளை ஓட்டிப் பாருங்கள். இறங்கும்போது மட்டும் கவனம்: பக்கவாட்டுப் புகைக்குழாய் கெண்டைக்காலைச் சுட்டுவிடும். கோப்ராக்காரர்கள் அதைப் பாம்புக்கடி என்பார்கள்.