கலை கேள்வி - பதில்: ஜப்பானிய மர அச்சு ஓவியங்கள்

கே: நிறத்துக்கு ஒரு மரக்கட்டை என்று பல கட்டைகளில் மாற்றி மாற்றி அச்சடித்தும் நிறம் கோட்டிலிருந்து விலகாமல் நிற்பது எப்படி?

ப: ஒவ்வொரு கட்டையிலும் 'கெந்தோ' என்ற இரண்டு வெட்டுகள் உண்டு. ஒன்று வலது மூலையில், மூலைமட்ட வடிவில். இன்னொன்று அதே விளிம்பில் சற்றுத் தள்ளி, நேர்கோடாக. தாளின் மூலையை ஒன்றிலும் விளிம்பை மற்றதிலும் முட்டக் கொடுத்த பிறகே தாளைக் கட்டைமேல் விடுவார்கள். முதலில், படத்தின் கோடுகளை மட்டும் அச்சடிக்கும் கோட்டுக் கட்டை தயாராகும். அதிலிருந்து கெந்தோவோடு சேர்த்து எடுத்த அச்சுத் தாள்களை மற்றக் கட்டைகளில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்குவதால் அளவு பிசகாது.

அப்படியும் விலகினால், முதலில் தாளின் ஈரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். காகித மல்பெரி நாரில் செய்த தாளுக்கு வச்சிரமும் படிகாரமும் கரைத்த நீர் பூசிக் காயவைப்பார்கள். நிறம் ஊறிப் பரவாது. அச்சுக்கு முன் மறுபடி ஈரமாக்கி, அடுக்கி மூடிவைத்தால் ஈரம் சீராகப் பரவும். வேலைக்கு நடுவே காய்ந்தால் தாள் சுருங்கும். மயிரிழை சுருங்கினாலும் நிறம் கோட்டைத் தாண்டித் தெரியும். ஈரம் மிஞ்சினால் கசியும், குறைந்தால் வெள்ளைப் புள்ளிகள் விழும். நிறத்தோடு அரிசிப் பசை கொஞ்சம் சேர்ப்பதும் அந்தப் புள்ளிகளைத் தவிர்க்கத்தான். பசை கூடிவிட்டால் விளிம்பில் நிறம் திரண்டு நிற்கும். இயந்திரம் எதுவும் கிடையாது. மூங்கில் மடல் போர்த்திய 'பரேன்' என்ற வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகைக் கையால் அழுத்தித் தேய்ப்பதுதான்.

கே: வானம் மேலே அடர்ந்து, இறங்க இறங்க வெளுக்கிறதே, அதற்கு எத்தனை கட்டை?

ப: ஒன்றே போதும். கட்டையை ஈரத்துணியால் துடைத்து, தூரிகையின் ஒரு ஓரத்தில் மட்டும் நிறம் எடுத்து இழுப்பார்கள். 'பொகாஷி' என்று பெயர். ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகப் பூசுவதால் ஒரு பிரதியின் வானம் இன்னொன்றில் அப்படியே வராது. நிலக்காட்சி ஓவியர் ஹிரோஷிகேயின் வானங்களைப் புகழ்கிறவர்கள், அவற்றைத் தாளில் கொண்டுவந்த அச்சுக்காரரையும் சேர்த்துப் புகழ வேண்டும்.

கே: சாதாரண ஜனங்கள் இவற்றை விரும்பி வாங்கியது ஏன்?

ப: விலை மலிவு, விஷயமும் அவர்களுடையது. எடோ நகரத்தின் (இன்றைய டோக்கியோ) கபுகி நாடக நடிகர்கள், சுமோ வீரர்கள், அழகிகள், பிறகு பயணக் காட்சிகள். 1765 வாக்கில் ஓவியர் சுஸுகி ஹருனொபுவின் படங்களோடு பல வண்ண அச்சு பெருகியது. 1830களில் பிரஷ்ய நீலம் என்ற செயற்கை நிறம் மலிந்ததும் நிலக்காட்சிகளுக்கு நல்ல காலம். ஓவியர் ஹொகுசாயின் ஃபூஜி மலைத் தொடர் 36 காட்சிகள் என்ற பெயரில் தொடங்கியது. வரவேற்பைப் பார்த்து மேலும் 10 சேர்த்தார்கள். புகழ்பெற்ற 'பேரலை' அதில் ஒன்று. அதன் பிரதியைப் பார்க்க வாய்த்தால், இடது மேல்புறம் தலைப்பைச் சுற்றியுள்ள கட்டத்தைக் கவனியுங்கள். முதலில் அடித்த பிரதிகளில் கோடு முழுதாக இருக்கும். கட்டை தேய்ந்த பிறகு அடித்தவற்றில் அறுந்திருக்கும்.