கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லையே, பிறகு எதற்குப் பரிசோதனை?

கேள்வி: எனக்கு வயது 27. கோயம்புத்தூரில் ஐ.டி. வேலை. மைனஸ் ஐந்தரை பவர். ஆறு வருடங்களாக மாதம் ஒரு ஜோடி மாற்றும் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். கண் டாக்டரைக் கடைசியாகப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. அதே பவரை ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறேன். வலி, சிவப்பு எதுவும் கிடையாது. சாயங்காலம் ஆனால் மட்டும் லென்ஸ் போட்டிருப்பது லேசாகத் தெரியும். அசதியில் எப்போதாவது லென்ஸோடு தூங்கிவிடுவதும் உண்டு. பார்வை நன்றாக இருக்கும்போது வருடா வருடம் செக்கப் வீண் செலவுதானே?

பதில்: சாயங்கால உறுத்தலையும் லென்ஸோடு தூங்குவதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். நான் படித்துக்கொண்டு வந்தபோது அங்கேதான் நின்றுவிட்டேன். அதற்கு முன் 'வலி கிடையாது' என்பதைப் பார்ப்போம்.

கருவிழி, அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி போல் இருக்கும் கார்னியா, உடம்பிலேயே உணர்ச்சி மிகுந்த இடங்களில் ஒன்று. ஒரு தூசி விழுந்தால் போதும், கண்ணீர் கொட்டும். ஆனால் வருடக்கணக்கில் லென்ஸ் போடுபவர்களுக்கு இந்த உணர்ச்சி மெல்ல மழுங்கிவிடும். போதாததற்கு லென்ஸே வலியை மறைக்கும். சில அறுவை சிகிச்சைகளுக்குப் பின் வலி தெரியாமலிருக்க நாங்களே ஒரு மெல்லிய லென்ஸைக் கட்டுப்போல் கண்ணில் வைத்து அனுப்புவோம். நீங்கள் காலையில் போட்டு ராத்திரி கழற்றுவதும் கிட்டத்தட்ட அதே மாதிரி லென்ஸ்தான். அதனால் லென்ஸ் போடுபவர் 'எனக்கு வலிக்கவில்லை' என்று சொன்னால், அதை மட்டும் நம்பி நான் அனுப்பிவிடுவதில்லை.

கருவிழியில் ரத்தக் குழாய்கள் கிடையாது. இருந்தால் அது இவ்வளவு தெளிவாக இருக்க முடியாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீர் வழியாக வெளிக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் அந்த வழிக்கு ஒரு மூடி. இப்போது வரும் சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் முன்பிருந்ததைவிட நிறைய ஆக்சிஜனை விடுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் தூங்கும்போது இமையும் சேர்ந்து மூடிவிடுகிறது. பற்றாக்குறை தொடர்ந்தால், ஓரத்திலிருந்து மெல்லிய ரத்தக் குழாய்கள் கருவிழிக்குள் ஊர்ந்து வர ஆரம்பிக்கும். வலிக்காது. கண்ணாடி முன் நின்று பார்த்தாலும் தெரியாது. வெகு தூரம் வந்து நடுப்பகுதியைத் தொடும்போதுதான் பார்வை மங்கும்.

இதை ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் பார்க்கிறோம். தாடையை வைத்து உட்காருவீர்களே, அதுதான். முதலில் லென்ஸோடு பார்ப்பேன்: கண் சிமிட்டும்போது லென்ஸ் கொஞ்சம் நகர வேண்டும், ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. பிறகு லென்ஸைக் கழற்றச் சொல்லி, ஆரஞ்சு நிறச் சாயம் ஏற்றிய காகிதப் பட்டையை நனைத்துக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பேன். கருவிழியில் சிராய்த்த இடமெல்லாம் பச்சையாக மின்னும். 'ஒன்றுமே இல்லை டாக்டர்' என்று சொல்பவர் கண்ணிலும் பச்சைப் புள்ளிகள் தூவினாற்போல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் மேல் இமையை மடித்துத் திருப்பிப் பார்ப்பேன். லென்ஸில் படியும் அழுக்கும் உராய்வும் சேர்ந்து அங்கே சிறுசிறு மேடுகளைக் கிளப்பிவிடும். உங்கள் சாயங்கால உறுத்தலுக்கு இது காரணமாக இருக்கலாம். நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பதாலும் ஏ.சி.யாலும் வந்த வறட்சியாகவும் இருக்கலாம். இமையைத் திருப்பாமல் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று கேட்க வேண்டும். நீங்கள் சொல்லும் மைனஸ் ஐந்தரை கண்ணாடியின் பவரா, லென்ஸின் பவரா? கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்மேலேயே உட்காருகிறது. அதனால் கண்ணாடிச் சீட்டில் மைனஸ் 5.50 என்றால் லென்ஸில் ஏறக்குறைய மைனஸ் 5.25 போதும். சீட்டை அப்படியே பார்த்து ஆர்டர் செய்திருந்தால், தேவைக்கு மேல் பவர் போட்டுக்கொண்டு கண்ணைச் சிரமப்படுத்துகிறீர்கள். பவர் ஒன்றே அளவும் அல்ல. லென்ஸின் வளைவு, விட்டம் என்று இரண்டு எண்கள் பெட்டியில் இருக்கும். ஆஃபர் வந்தது என்று பிராண்டை மாற்றினால் அவையும் மாறலாம். செருப்பை மாற்றுவது போல்தான், நம்பர் ஒன்றாக இருந்தாலும் கடிக்கும்.

தூக்கத்துக்கு வருவோம். லென்ஸைப் பகலில் மட்டும் போடுபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் 2 முதல் 4 பேருக்குக் கருவிழியில் கிருமித் தொற்று வருகிறது. லென்ஸோடு தூங்குகிறவர்களில் அது சுமார் 20. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஓரிரு நாளிலேயே கருவிழியைப் புண்ணாக்கி, ஆறிய பிறகும் வெள்ளைத் தழும்பை விட்டுப்போகக்கூடியது. குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவினால் அகாந்தமீபா என்ற அமீபா தொற்றலாம். அதற்கான சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். மினரல் வாட்டரும் கூடாது. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு அடங்கும், உள்ளே புண் பெருகும்.

லென்ஸுக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரணமும் உண்டு. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண் நீளமாக இருக்கும், விழித்திரை இழுபட்டு ஓரங்களில் மெலிந்திருக்கும். உங்கள் பவரில் நான் விடாமல் பார்ப்பது அதைத்தான். சிறு கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் லேசரில் அடைத்துவிடலாம். கடையில் எடுக்கும் கம்ப்யூட்டர் டெஸ்ட் பவரை மட்டும்தான் சொல்லும், விழித்திரையைக் காட்டாது.

சரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை? உங்களுக்கு வருடத்துக்கு ஒன்று. மூன்று வருடம் விட்டுவிட்டதால் இந்த மாதமே போய்விடுங்கள். லென்ஸைப் போட்டுக்கொண்டே போங்கள். பெட்டியையும், லென்ஸ் வைக்கும் டப்பாவையும் எடுத்துப் போங்கள். டப்பாவை எப்போது மாற்றினீர்கள் என்று டாக்டர் கேட்பார். மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கண்பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம். கண்ணாடியையும் கொண்டு போங்கள், சாயம் விட்ட கண்ணில் உடனே லென்ஸ் போட்டால் கறை பிடித்துவிடும். அந்தக் கண்ணாடி பழைய பவரில் கீறல் விழுந்து கிடந்தால் அன்றே புதிதாக ஒன்று செய்யக் கொடுத்துவிடுங்கள். கண் சிவந்த அன்று ஆபீஸுக்குப் போட்டுப் போக வேறு வழியில்லாமல்தான் பலர் மறுபடி லென்ஸையே மாட்டிக்கொள்கிறார்கள்.