கையெழுத்துக்குக் கணவர் வர வேண்டுமா?

கேள்வி: என் கணவர் குஜராத், மகாராஷ்டிரம் பக்கம் லோடு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர், வாரக்கணக்கில் வீட்டில் இருப்பதில்லை. அண்மையில் எங்கள் சிறுவயது மகனுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை செய்யவேண்டி வந்தபோது, தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள் என்பதால் என் கொழுந்தனாரை வரவழைத்தோம். செலவுக்கு என் நகையை அடகு வைத்ததில் மாமியாருக்கு இன்னும் கோபம். கணவர் ஊரில் இல்லாதபோது நான் எதையெல்லாம் தனியாக முடிவு செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சங்ககிரி

பதில்: நீங்கள் எண்ணியிருப்பதைவிடக் கூடுதலாகவே முடிவு செய்யலாம். 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், குழந்தைக்குச் சட்டப்படி பொறுப்பான காப்பாளர் வரிசையில் தந்தையை முதலிலும் தாயை அடுத்தும் வைத்தாலும், தாயும் குழந்தையும் வாழும் இடத்தைவிட்டுத் தந்தை விலகியிருப்பதால் குழந்தையைக் கவனிக்க இயலாதபோது, அவர் உயிருடன் இருக்கையிலேயே தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. பெற்றவள் அங்கேயே நிற்கும்போது, சட்டப்படி காப்பாளர் அல்லாத கொழுந்தனாருக்காகக் காத்திருந்தது வீண். திருமணத்தில் உங்களுக்குப் போட்ட நகையும் உங்களுடைய சொத்தே. அதை அடகு வைக்க எவருடைய சம்மதமும் தேவையில்லை. மாமியாரின் கோபத்துக்குச் சட்டத்தில் மருந்தில்லை; மருத்துவமனை ரசீதுகளைக் கணவர் வந்ததும் அவருக்கும் மாமியாருக்கும் ஒன்றாகக் காட்டிவிடுங்கள்.

கணவர் பெயரிலுள்ள வீட்டையோ நிலத்தையோ விற்கவும் அடமானம் வைக்கவும் உங்களால் முடியாது. அதற்கு அவர் பதிவு செய்துகொடுத்த பவர் பத்திரம் வேண்டும். அன்றாடச் செலவுக்கு, இருவரில் எவரும் பணம் எடுக்கக்கூடிய கூட்டு வங்கிக் கணக்கே போதும். எவ்வளவு தொகைவரை கேளாமல் செலவிடலாம் என்பதை அவர் ஊருக்கு வரும்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுக் கண்ணயர்ந்திருப்பவரை எழுப்பி, அவர் பார்த்திராத ஒன்றுக்கு அனுமதி கேட்பது இருவருக்குமே தண்டனை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொந்த வண்டி வாங்கக் கணவர் ஃபைனான்ஸ் கடன் பெறும்போது, மனைவியை ஜாமீன்தாரராகக் கையெழுத்திடச் சொல்வது உங்கள் பகுதியில் வழக்கம். அங்கே உங்கள் கையெழுத்தைத்தான் கேட்பார்களே தவிர, கருத்தை எவரும் கேட்கமாட்டார்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. ஆகவே தவணை எவ்வளவு, எத்தனை மாதம், வண்டிக்கு லோடு கிடைக்காத மாதத்தில் பணம் எங்கிருந்து வரும் என்பவற்றைக் கேட்டறிந்த பிறகே பேனாவைத் தொடுங்கள்.