கஞ்சமலைக் கல்

அன்புள்ள ஐயா,

சேலம் சூரமங்கலத்தில் வசிக்கிறேன். வயது 31, மென்பொருள் வேலை. ஓராண்டுக்கு முன் ஒரு ஏர் ரைபிள் வாங்கினேன். விடுமுறை நாட்களில் ஏற்காடு அடிவாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில் பத்து மீட்டர் தூரத்தில் அட்டை கட்டிச் சுடுவேன். அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் அமைதி எனக்கு வேறு எதிலும் கிடைப்பதில்லை. ஒருமுறை குறி சரிபார்க்கும்போது ஒரு தவிட்டுக்குருவியும் விழுந்தது. என் மனைவிக்கு இந்த ஆசை பிடிக்கவில்லை. "கொல்வதற்கென்றே செய்த பொருளை எப்படி ரசிக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இலக்கியம் படிக்கிறவனுக்குத் துப்பாக்கி மீது ஆசை இருப்பது பிழையா? எட்டு மாதங்களுக்கு முன் இறந்துபோன தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அதைத் தொடும்போதெல்லாம் சிலிர்க்கிறது. தொலைநோக்கி பொருத்திச் சுடலாமா, எந்த நிறுவனத்தின் ரைபிள் நல்லது என்பதையும் சொல்லுங்கள்.

ம., சேலம்

அன்புள்ள ம.,

முதலில் பீரோவைத் திறப்போம். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அவருடைய துப்பாக்கியை வாரிசுகள் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. எட்டு மாதங்களாக நீங்கள் தொட்டுச் சிலிர்த்துக்கொண்டிருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துக்கொண்டு நாளைக்கே போய் ஒப்படையுங்கள். வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அது கையில் வரும்வரை அந்தத் துப்பாக்கி உங்களுடையது இல்லை.

அடுத்தது அந்தக் குருவி. "ஒரு தவிட்டுக்குருவியும் விழுந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். மாங்காய் விழுவதுபோல அதுவாக விழவில்லை, நீங்கள் சுட்டீர்கள். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகவே வாழ்பவை. ஒன்றுக்கு ஆபத்து என்றால் எல்லாம் சேர்ந்து கத்தும். அந்தக் கத்தல் உங்கள் காதில் விழுந்திருக்கும், கடிதத்தில் மட்டும் அதைக் காணோம். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலேயே வந்துவிட்டது. சட்டமே இல்லாவிட்டாலும் இதைத்தான் சொல்வேன்: இனி ஒரு குருவியைச் சுட்டால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

தொலைநோக்கி, நிறுவனம் பற்றியெல்லாம் கடைக்காரரிடம் கேளுங்கள்.

உங்கள் மனைவியின் கேள்வி நல்ல கேள்வி. இந்திய தேசிய ரைபிள் சங்கத்தை 1951-இல் தொடங்கியவர் ஜி.வி.மாவ்லங்கர், நம் மக்களவையின் முதல் சபாநாயகர். அகமதாபாத்தில் காந்தியோடு நின்று பலமுறை சிறை சென்ற சத்தியாகிரகி. அவருக்குத் துப்பாக்கியில் கொலை மட்டும்தான் தெரிந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. இன்றும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற முயலும் பிள்ளைகள் அவர் பெயரால் நடக்கும் போட்டியில்தான் சுடுகிறார்கள். இதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். ஆனால் இதற்காக மட்டும் நான் உட்கார்ந்து பதில் எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் சேலத்தை ஒட்டியுள்ள கஞ்சமலைப் பக்கம் போய்வந்ததிலிருந்து ஒரு மனிதரின் நினைவாகவே இருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

அப்பா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். முதலாளியிடம் 12 போர் குழல்வாய் கொண்ட இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. வேட்டை நின்றுபோன காலம் அது. துப்பாக்கி சும்மாதான் கிடந்தது, ஆனால் மலை மூடுபனி அதைச் சும்மா விடாது. மழைக்காலம் முடிந்தால் குழலில் செந்நிறப் பொட்டுகள் கிளம்பிவிடும். 1976 கோடையில் முதலாளி கையெழுத்திட்ட கடிதத்தோடும் உரிமப் புத்தகத்தோடும் அப்பா அந்தத் துப்பாக்கியைப் பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுவந்தார். பழுதுபார்க்கக் கொண்டுபோகிறவர் உரிமதாரரின் எழுத்து மூலமான அனுமதியை வைத்திருந்தால் போதும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்பா அதை மடியிலிருந்து இறக்கவில்லை. எனக்குப் பத்து வயது. முழுப்பரீட்சை விடுமுறைக்காகச் சேலத்தின் குகைப் பகுதியில் அத்தை வீட்டில் என்னை விடுவதற்கு அழைத்து வந்திருந்தார்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஆசாரியின் பட்டறை. துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் பெற்றவர். குழலைக் கழற்றி வாசல் வெளிச்சத்துக்கு நேரே நீட்டி, ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாக, தொலைவில் ஒரு சிறு நிலவுவரை போய்க்கொண்டிருந்தது. "வளையம் எங்கேயாவது கோணலாக இருக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியென்றால் குழல் நெளியவில்லை. கறுப்பு மட்டும் ஏற்றினால் போதும்."

அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. தினமும் போய் உட்கார்ந்தேன். பழைய துருவை எண்ணெய் விட்டுத் தேய்த்து எடுத்தார். சுண்ணாம்புக் குழம்பு பூசிக் கழுவி, எண்ணெய்ப் பசை ஒரு துளியும் இல்லாமல் செய்தார். குழலின் இரு முனைகளிலும் மரத்தக்கை அடித்தார். அதன் பிறகு அதைத் தொட யாருக்கும் அனுமதி கிடையாது, ஒரு விரல்ரேகை பட்டாலும் அந்த இடம் நிறம் பிடிக்காது. தக்கையைப் பிடித்துக்கொண்டு, திராவகத்தில் தோய்த்த துணியால் ஒரே ஒரு முறை நீளவாக்கில் இழுத்தார். ஈரச்சாக்கு சுற்றிய பெட்டிக்குள் தொங்கவிட்டார். சேலத்துச் சித்திரை வெயிலில் ஈரத்தை உண்டாக்கினால்தான் துரு வரும். மறுநாள் காலையில் குழல் முழுக்க மெல்லிய செந்துரு, பூனைமயிர்போல.

அந்தக் குழலைத் தகரத் தொட்டியில் கொதிக்கும் தண்ணீரில் இறக்கினார். முந்தைய ஐப்பசியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் அது. சிவப்பு என் கண் முன்னால் கறுப்பாக மாறியது. வெளியே எடுத்து மென்மையான கம்பித் தூரிகையால் தேய்த்தார். ஒட்டாத கரி உதிர்ந்தது, ஒட்டியது நின்றது. மறுபடியும் திராவகம், ஈரப்பெட்டி, கொதிநீர். எட்டுச் சுற்று. சீக்கிரம் முடிக்க, கொதிக்கும் காரக் கரைசலில் குழலை முக்கியெடுக்கும் காரக்குளியல் என்று ஒரு முறை உண்டு. ஆனால் இரட்டைக்குழலை ஈயப்பற்று வைத்து இணைத்திருப்பார்கள், காரத்தில் அந்தப் பற்று விட்டுப்போகும். அதனால் அந்த வழியே அவர் போகவில்லை.

ஆறாவது நாள், உதிர்ந்த கறுப்புப் பொடியை ஒரு செய்தித்தாளில் கொட்டி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினார். பொடி சிலிர்த்து எழுந்து காந்தத்தின் பின்னாலேயே நடந்தது. பிறகு மாடத்திலிருந்து கறுப்புக் கல் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அதன் அளவுக்கு மீறிய கனம். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் கவ்விக்கொண்டது.

"கஞ்சமலைக் கல். இதுவும் அந்தப் பொடியும் ஒன்றுதான். மலையில் கறுப்பாகக் கிடந்ததை உருக்கி வெள்ளையாக்கினார்கள். நான் மறுபடியும் மலையின் தோலைப் போர்த்தி அனுப்புகிறேன்."

வேதியியல் படித்தபோதுதான் அவர் சொன்னது முழுக்கவும் உண்மை என்று தெரிந்தது. செந்துரு கொதிநீரில் மேக்னடைட் என்ற, காந்தம் கவரும் கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. கஞ்சமலைத் தாதும் மேக்னடைட்தான். அந்தத் தாதை நம்பித்தான் 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். அவருக்கு முன்பே நம் கொல்லர்கள் அதை உருக்கி எஃகு செய்திருந்தார்கள். சேலத்துக்காரரான உங்களுக்கு இது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும்.

அதே ஆசாரிதான் 12 போர் என்றால் என்ன என்றும் சொன்னார். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டையின் பருமன் எவ்வளவோ அதுதான் குழலின் வாய். உங்கள் தாத்தாவுக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும். நீங்கள் அவரிடம் கேட்டீர்களா?

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வாங்கினேன், கட்டினேன், சுட்டேன் என்பதெல்லாம் இருக்கிறது. துடைத்தேன் என்ற ஒரு சொல் இல்லை. கழற்றினேன், பூட்டினேன், எண்ணெய் விட்டேன் எதுவும் இல்லை. ஓராண்டாக ஒரு கருவியை வைத்திருக்கிறீர்கள், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு வரியாவது எழுதத் தோன்றவில்லையே! நீங்கள் ரசிப்பது துப்பாக்கியையா, அதைப் பிடித்து நிற்கும் உங்களையா? இதைக் கேட்பது எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஆனால் கேட்டுத்தான் ஆகவேண்டும். வீணை வாங்கியவர் அதன் மெழுகையும் அதில் பதித்த மெட்டுகளையும் அறிய வேண்டாமா? காரோட்டி தன் எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டாமா? துப்பாக்கிக்கு மட்டும் என்ன விலக்கு? உயிரைப் பறிக்கக்கூடிய பொருள் என்பதாலேயே அதை மற்ற எல்லாப் பொருளையும்விடக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும்.

குழலை மடக்கும் சுருள்வில் ரைபிள்தான் உங்களுடையது என்றால், இதைக் கவனியுங்கள். விசையை அழுத்தியதும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெருக்குகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி ஒருமுறை பின்னால் உதைத்து, ஒருமுறை முன்னால் தாவிவிடும். இறுக்கிப் பிடித்தால் அந்த இரண்டு அசைவுகளையும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கெடுப்பீர்கள், குண்டுகள் அட்டையில் சிதறும். முன்கட்டையை உள்ளங்கையில் வெறுமனே படுக்கவைத்து, அதன் போக்கில் அசைய விடுங்கள். குண்டு வைக்காமல் விசையை அழுத்தவே கூடாது. காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் போய் மோதும், சுருள்வில் கெடும். அட்டைக்குப் பின்னால் மண் மூட்டை இருக்கட்டும், கண்ணாடி அணியாமல் சுட வேண்டாம்.

பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டைவிடச் சிறிய இலக்கு! 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா கடைசியாகச் சுட்டது 10.8; ஒரு குண்டுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச மதிப்பெண்ணே 10.9தான். அந்த உயரத்தில் மூச்சை அடக்கினால் மட்டும் போதாது, துப்பாக்கிக் கட்டை தோளிலும் கன்னத்திலும் எங்கே படுகிறது என்பதுகூட மாறக் கூடாது. நீங்கள் சொன்ன அமைதியை நான் நம்புகிறேன். அது உங்களுக்குக் கிடைத்தது என்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

அந்த வருடம் விடுமுறை முடிந்து நான் மலையேறும்போது ஆசாரி அந்தக் கல்லை எனக்கே கொடுத்துவிட்டார். இப்போதும் என் மேசையில் இருக்கிறது. காவல் நிலைய வேலை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். வரும்போது ஒரு காந்தம் கொண்டுவாருங்கள், என்னிடம் இருந்தது தொலைந்துவிட்டது.